காற்றின் மேல் பழி போடாதீர்கள்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சிலர் சரிவிலேயே. மற்றவர்கள் மருத்துவமனைகளில், நாட்கணக்கில் தீக்காயத்தோடு போராடி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதியில் மலையேற வந்த இளைஞர்கள், இளம்பெண்கள். என்னைப் போலவே வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு நாளாவது கால் வலிக்க நடக்கலாம் என்று கிளம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அந்தத் தீயைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. "திடீர்னு காத்து மாறிடுச்சுங்க, என்ன பண்ண முடியும்?" டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் கூடும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. துக்கத்தில் சொல்கிறார்கள். ஆனால் இந்த வாக்கியம் துக்கத்தின் வேலையை மட்டும் செய்வதில்லை, தீர்ப்பும் எழுதிவிடுகிறது. குற்றவாளி காற்று. காற்றைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே வழக்கு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன மாற்றுகிறோம். அதில் "திடீரென்று கூட்டம் வந்துவிட்டது" என்று எழுதினால் அடுத்த கேள்வி உடனே வரும்: "திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் வரும்னு உனக்குத் தெரியாதா? போன திங்கட்கிழமை வரலையா?" தினமும் ஒரே நேரத்தில் நடக்கிற ஒன்றைத் திடீர் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. விழுந்துபோன ஒரு வெப்சைட்டுக்குக் காட்டுகிற இந்தக் கறாரை 20க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு ஏன் காட்டவில்லை?

ஏனென்றால் காற்று என்றால் என்னவென்று நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறோம். "காற்று, அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து அழுத்தம் குறைவான இடத்தை நோக்கி வீசும்." மதிப்பெண் முழுசாகக் கிடைத்தது. அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

இன்றைக்குப் பல செல்போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. சின்னச் சில்லு, அரிசியளவு. போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். அங்கே என் போன் 970 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்டியது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டில் இறங்கியபோது 860 சொச்சம். அதாவது 110 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். புயல் சின்னம் 990 என்றால் செய்தி வாசிக்கிறவரின் குரல் மாறுகிறது. கடல்மட்டத்தின் சராசரி 1013. அந்த இருபத்துச் சொச்சம் குறைந்ததற்கே மரம் சாய்கிறது. அப்படியானால் 110 வித்தியாசத்துக்குப் போடியின் காற்று மொத்தமும் மலைமேல் சீறிப் பாய வேண்டுமே? ஏலக்காய்க் கடைகளின் கூரைகளெல்லாம் மூணாறில் போய் விழ வேண்டுமே? அப்படி எதுவும் நடப்பதில்லை. போடிமெட்டில் சாவகாசமாக டீ குடிக்கிறோம்.

நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கவிழ்ந்துவிட்டது. தப்பான வாக்கியம் இல்லை, பாதி வாக்கியம். மேலே போகப்போகத் தலைக்கு மேலிருக்கும் காற்றின் எடை குறையும், அதனால் அழுத்தம் குறையும். கீழிருக்கும் காற்று மேலே போகத் துடிக்கும், புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டும் சமம். 1648இல் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ப்யூய் தெ தோம் மலையில் ஏறி, உச்சியில் பாதரசம் இறங்கியிருப்பதைக் காட்டினார். அழுத்தம் குறைந்தது நிரூபணமானது. அதனால் புயல் ஒன்றும் வரவில்லை.

காற்றை உண்டாக்குவது ஒரே உயரத்தில் இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கும் அழுத்த வித்தியாசம். அது மிகச் சின்னதாக இருந்தாலும் போதும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வெயில், ஒரே அளவாக எல்லா இடத்தையும் சுடாத வெயில். சூடான காற்று விரிகிறது, லேசாகிறது, எழுகிறது. பக்கத்திலிருக்கும் குளிர்ந்த கனமான காற்று அந்த இடத்துக்கு நகர்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளை ஒட்டி உயர் அழுத்தம், வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கொதிக்கும் நிலத்தின் மேல் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர், அழுத்த வித்தியாசம் சுமார் 30 ஹெக்டோபாஸ்கல்தான். அதில் கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக நம் மலைகளில் வந்து மோதுகிறது. ஆடியில் அம்மியைப் பறக்கவைப்பதாகச் சொல்கிறோமே, அது இந்தக் காற்றுதான். கம்பம் கணவாய் வழியாக நுழைந்து தேனிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதுதான்.

இனி குரங்கணிச் சரிவுக்கு வருவோம். போடியிலிருந்து பார்த்தால் மலை மேற்கே நிற்கிறது. அதாவது நம்மைப் பார்த்திருக்கும் சரிவுகளில் பல, காலை வெயிலை நேராக முகத்தில் வாங்குபவை. சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடாகிறது. அதே உயரத்தில், சரிவிலிருந்து விலகி, பள்ளத்தாக்கின் நடுவே அந்தரத்தில் இருக்கும் காற்று அவ்வளவு சூடாகவில்லை. அங்கே சூடாக்க மண் இல்லை, பாறை இல்லை. ஒரே உயரம், இரண்டு வெப்பநிலை. சரிவை ஒட்டிய காற்று லேசாகி மலையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. கீழிருந்து வேறு காற்று வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டு, அதுவும் சூடாகி ஏறுகிறது. காலையில் மெதுவாகத் தொடங்கி, பிற்பகலில் உச்சம் தொட்டு, வெயில் சரிவைவிட்டு விலகியதும் தளர்கிறது. இரவில் எல்லாம் தலைகீழ். சரிவு சீக்கிரம் குளிர்கிறது, அதைத் தொட்ட காற்று கனத்து, ஓடைகளின் வழியே தண்ணீர் மாதிரி கீழே இறங்குகிறது.

பெரிய பருவக்காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் இந்தச் சின்னக் காற்று அதில் அமுங்கிப்போகும். வானம் தெளிந்த, வறண்ட மார்ச் மாதத்தில் இதுதான் சரிவின் எசமான். ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் காய்ந்த புல்சரிவில் காற்று எந்தப் பக்கம் போகப் பார்க்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

இது போடிக்காரர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. என் தாய்மாமா ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். அழுத்தம், வெப்பநிலை என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. "மதியத்துக்கு மேல காத்து மலை ஏறும் மாப்ள, பொழுது சாஞ்சா எறங்கிரும். சருகு கூட்டித் தீ வைக்கிறவன் அதப் பாத்துத்தான் வைக்கணும்" என்பார். ஒரு பாடப்புத்தக அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. கேள்வி இதுதான்: மாமாவுக்குத் தெரிந்தது, மலையேற வருகிற ஒருவருக்கு, கூட்டிப்போகிறவருக்கு, அனுமதிச் சீட்டு கிழிக்கிறவருக்கு ஏன் தெரிவதில்லை? தெரிந்தாலும் அது ஏன் ஒரு விதியாக மாறுவதில்லை?

சரிவில் தீ என்ன செய்யும் என்பதும் ரகசியம் இல்லை. சமதளத்தில் தீ நிமிர்ந்து எரிகிறது. சரிவில் அது மேலிருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. தொடுவதற்கு முன்பே அதைச் சுட்டுக் காயவைத்துவிடுகிறது. தீயணைப்புக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: சரிவு 10 டிகிரி கூடினால், மேலே ஏறும் தீயின் வேகம் இரண்டு மடங்காகும். 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு. இதற்கு மேல் பிற்பகலின் ஏறுகாற்று. அதற்கும் மேல், தீ தானே ஒரு வெப்பத் தூணாக எழுந்து சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சி இழுத்துக்கொள்வது. மூன்றும் ஒரே திசையில், மேல்நோக்கி. மனிதனோ நேர்மாறு. சரிவு செங்குத்தாக ஆக ஆக அவன் வேகம் குறைகிறது. ஏறி ஓடித் தப்பிக்கலாம் என்பது சமதளத்தில் வளர்ந்தவர்களின் உள்ளுணர்வு. மலையில் அந்த உள்ளுணர்வு நம்மைக் கொல்லும்.

1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் இதேதான் நடந்தது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, கொளுத்தும் பிற்பகல். பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தீக்கு முன்னால் மலையேறி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். தலைவராக இருந்த வாக் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தன் முன்னாலிருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். வாருங்கள் என்று கூப்பிட்டார். அவர் செய்வது யாருக்கும் புரியவில்லை, யாரும் போகவில்லை. தப்பித்த வேறு இரண்டு பேர் மலைமுகட்டை எட்டிப்பிடித்தவர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1957இல் தீயணைப்பு வீரர்களுக்கான 10 நிலையான கட்டளைகள் எழுதப்பட்டன. தீ சரிவில், காற்றில், எரிபொருளில் எப்படிப் பரவும் என்று கணக்கிட ஆய்வுக்கூடம் வந்தது, சமன்பாடுகள் வந்தன. இலக்கியம் படிக்கும் உங்களுக்கு இன்னொன்று: நார்மன் மக்ளீன் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், எழுபது வயதுக்கு மேல் அந்தச் சரிவில் ஏறி இறங்கி, தீ விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்த இளைஞர்களின் கடைசி நிமிடங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்தபின் 1992இல் வெளிவந்தது. "காற்று மாறிவிட்டது" என்பதோடு அவருக்கு மனசு ஆறவில்லை. காற்று ஏன் மாறியது, எங்கிருந்து வந்தது, முகட்டில் என்ன செய்தது என்று கேட்டார். இரங்கலின் உச்சம் விசாரிப்பதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1994இல் கொலராடோவில் இன்னொரு சரிவில் 14 தீயணைப்பு வீரர்கள் அதேபோல இறந்தார்கள். அறிவு எல்லாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் அறிவைத் தேடாத சமூகம் காப்பாற்ற முயலக்கூட இல்லை என்றுதான் அர்த்தம்.

குரங்கணிக்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டார். பாதைகள் மூடப்பட்டன. மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் மலையேற்றத் திட்டம், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், 40 பாதைகள் என்று தொடங்கியது. குரங்கணியும் அதில் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். நல்லது, மனசாரச் சொல்கிறேன். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் அனுமதி வேறு, அறிவு வேறு. பூட்டுப் போட்டால் ஆள் உள்ளே போக மாட்டான். பூட்டு திறந்திருக்கும் நாளில் உள்ளே போகிறவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குப் பூட்டில் பதில் இல்லை. தீக்காலம் காலண்டரைப் பார்த்து வருவதும் இல்லை. போதாதற்கு, மலையில் வாழ்கிறவர்களுக்கும் தோட்டத்துக்கு நடந்துபோகிறவர்களுக்கும் மூடுவதற்குப் பாதையே கிடையாது, அது அவர்கள் தெரு.

இலக்கியக்காரர்களாகிய நம் பங்குக்கும் வருகிறேன். காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த நாலு சொல்லும் இன்றைய எழுத்தில் என்னவாகியிருக்கின்றன? தென்றல் வருடுகிறது. வாடை வாட்டுகிறது. முடிந்தது. கொண்டலும் கோடையும் அகராதியில் தூங்குகின்றன. நாலும் ஒருகாலத்தில் அளவீடுகள். எந்த மாதம், எந்தத் திசை, ஈரமா வறட்சியா, படகை எடுக்கலாமா, நெல்லைத் தூற்றலாமா என்று சொன்ன சொற்கள்.

'கோடை'யை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஏன் ஒரே பெயர்? ஏலமலையில் நின்றால் புரிகிறது. அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று இடுக்கிப் பக்கம் மலையேறுகிறது. ஏறஏறக் குளிர்கிறது, மேகமாகிறது, மழையைக் கொட்டுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் அது கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. முகட்டைத் தாண்டி ஈரமிழந்து இந்தப் பக்கம் இறங்கும்போது அழுந்தி, கிலோமீட்டருக்குப் பத்து டிகிரிக்கு நெருக்கமாகச் சூடேறுகிறது. ஏறியபோது தொலைத்ததைவிட இறங்கும்போது சம்பாதிப்பது அதிகம். அந்தப் பக்கம் மழைக்காற்று, இந்தப் பக்கம் வறள்காற்று. ஏலம் விளைவது அந்த ஈரத்தில், அந்த ஏலத்தை ஏலம் விடும் போடி இந்த நிழலில். ஜூன் மாதச் சென்னையில் மேல்காற்று அடித்து, கடல்காற்று உள்ளே வராமல் மதியம் அனலாகும் நாளிலும் இதே கணக்குக்கு ஒரு பங்கு உண்டு. மேல்காற்றைக் கோடை என்று அழைத்தவர்கள் மலையின் இந்தப் பக்கம் நின்று அதை அனுபவித்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இயற்பியல். நாம் அதைச் சர்பத் விளம்பரத்துக்கு விட்டுவிட்டோம்.

இதே ஏலமலைத் தொடரில், பீர்மேட்டில், 1918இல் அன்னா மணி பிறந்தார். ஏலத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலைசெய்து, பிறகு இந்திய வானிலைத் துறையில் அளவுகருவிகளை இங்கேயே செய்யவைத்த விஞ்ஞானி. ஓய்வுபெற்ற பிறகும் ஓயாமல், இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்ற தரவுகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். நம் காற்றாலைகளுக்கு முன்னால் போன கணக்கு அது. காற்று எண்ணமுடியாதது, பிடிபடாதது என்று நாம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஏலமலையில் பிறந்த ஒரு பெண் அதை எண்ணி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். தேனி மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

எனக்கு வரப்போகும் பதில்களும் தெரியும். "செத்தவங்க மேலேயே பழி போடறீங்களா?" இல்லை. வார விடுமுறையில் மலைக்குப் போகிற ஒரு பெண், காற்றியல் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எவனும் சொல்ல முடியாது. பேருந்தில் ஏறுகிறவனுக்கு பிரேக் எப்படி வேலைசெய்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, ஓட்டுகிறவனுக்கும் பணிமனைக்கும் தெரிய வேண்டும். காற்றின் மேல் போட்ட பழியை எடுத்து, அறிவைக் கையில் வைத்துக்கொண்டு விதியாக்காதவர்களின் மேல் வைக்கிறேன். அவ்வளவுதான்.

"இயற்கையை யாரால் கணிக்க முடியும்?" என்பது அடுத்தது. ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் ஒரு ஓடையின் திருப்பத்தில் காற்று எப்படிச் சுழலும் என்று கணிக்க முடியாதுதான். ஆனால் பகலில் ஏறும், இரவில் இறங்கும், மார்ச்சில் சரிவு காய்ந்திருக்கும், தீ மேல்நோக்கி ஓடும் என்பது கணிப்பே இல்லை, பஞ்சாங்கம். சாலையில் எந்த லாரி எப்போது வரும் என்று தெரியாதுதான். அதற்காகச் சாலையைக் கடக்கப் பிள்ளைக்குச் சொல்லித்தராமல் இருக்கிறோமா?

சரி, என்னதான் செய்யணுங்கிறீங்க என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. மலையேற்றப் பாதை ஒவ்வொன்றின் அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரு காற்றுமானி, ஒரு வெப்பமானி. அன்றைய அளவைத் தமிழில் எழுதிவைக்க ஒரு பலகை. வழிகாட்டிப் பயிற்சியில் பாம்புக்கடிக்கு ஒரு மணி நேரம் என்றால் சரிவின் காற்றுக்கும் தீக்கும் ஒரு மணி நேரம்: புகை தெரிந்தால் தீக்கு மேலே நிற்காதே, புல்லோடையில் இறங்காதே, எரிந்து முடிந்த இடத்தையோ வெற்றுப் பாறையையோ தேடு, மதியத்துக்குள் புல்சரிவைக் கடந்துவிடு. பள்ளிக்கூடத்தில், கடல்காற்றுப் படத்தை வரைந்து முடித்த கையோடு, போடிப் பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் மலையடிவாரத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு மாதம் குறிக்கவைக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பென்சில். செலவு ஐம்பது ரூபாய் ஆகாது.

எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை உங்கள் கதையில் காற்று வீசும்போது அது எங்கிருந்து வருகிறது, என்ன மணி, எந்தச் சரிவு என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதுங்கள். கவித்துவம் குறைந்துவிடாது. நாம் சொல்லும் சொற்கள்தான் நாம் யோசிக்கும் எல்லை. காற்றைக் காரணமில்லாமல் வந்துபோகும் ஒன்றாகவே எழுதிப் பழகிய சமூகம், மனிதர்கள் எரிந்துபோன இடத்திலும் காரணம் கேட்காது. அழுது முடித்ததும் "திடீர்னு காத்து மாறிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். நாளை மதியமும் அந்தச் சரிவில் வெயில் ஏறும், அதன் பின்னாலேயே காற்றும் ஏறும். அதில் திடீர் எதுவும் இல்லை.